டேப்பு வந்தது, சோறு கெட்டது

“அம்மணி, செத்தது யாருன்னு இன்னொருக்கா சொல்லிப்போடுங்க. கொழப்பமா இருக்குது.”

“டேப்.”

“எத்தனை பேரு?”

“மூணு.”

“அழுவுறதுக்கு ஆளு இருக்குதுங்களா?”

“ஒரு இஞ்சினீயர் இருக்கான். நேத்து என் இன்ஸ்டிட்யூட்டுக்கு வந்து, ஒரு டைப்ரைட்டர் மேல சாஞ்சுண்டு அழுதுட்டுத்தான் போனான். வண்டியை நிழல்ல நிறுத்து.”

சித்திரை வெயிலில் கஞ்சிக்கோடு காய்ந்துகொண்டிருந்தது. நிளா பம்ப் கம்பெனியின் கேட்டை ஒட்டி ஒரேயொரு புளியமரம்தான் இருந்தது. அதன் நிழலில் ஏற்கெனவே ஒரு நீல வேன் நின்றது. குப்பண்ணன் மிச்சமிருந்த நிழலில் ஸ்கூட்டரைச் செருகினான். திரிபுரசுந்தரி பின்சீட்டிலிருந்து இறங்கி, புடவைத் தலைப்பை ஒரு உதறு உதறிவிட்டு, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டாள்.

கல்பாத்தியில் காலை வேளையில் பிள்ளைகளுக்கு டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுப்பதும், மிச்சப் பொழுதில் ஊரார் ஒளித்துவைத்ததைக் கண்டுபிடிப்பதும் அவள் தொழில். குப்பண்ணன் போன வருஷம் வரை பாலக்காடு, பொள்ளாச்சி பஸ்ஸில் கண்டக்டர். முதலாளியின் மைத்துனரிடம் டிக்கெட் கேட்டதால் வேலை போயிற்று. “டிக்கெட் எடுக்காதவன் முகத்தைப் பார்த்தே சொல்லிடுவியா?” என்று கேட்டு, திரிபுரசுந்தரி அவனை அன்றைக்கே தன்னோடு சேர்த்துக்கொண்டாள்.

இஞ்சினீயர் சிவராமகிருஷ்ணனின் அறையில் பெரிய இரும்பு மேஜை ஒன்று. அதன் மேல் வரைபடங்கள் மலையாகக் குவிந்திருந்தன. ஆளுக்கு இருபத்தெட்டு வயது இருக்கும். ராத்திரி தூங்காத முகம்.

“வாங்கோ மாமி. நாலு மணிக்கு டைரக்டர்கள் மீட்டிங். அதுக்குள்ள ஒண்ணும் தெரியலேன்னா என்னை வீட்டுக்கு அனுப்பிடுவா. நான் போறது போகட்டும். என் பம்ப் போயிடும்.”

“என்ன பம்ப்புங்க?” என்றான் குப்பண்ணன்.

“சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக் கிணறுகள்ல தண்ணி பாதாளத்துக்குப் போயாச்சு. பாதிக் கரண்டுல அவ்வளவு ஆழத்திலேருந்து தூக்கற மாதிரி உள்ளே சுத்தற தகட்டுக்கு ஒரு வளைவு கண்டுபிடிச்சேன். ரெண்டு வருஷக் கணக்கு. கையால போட்டா ஒரு ஆயுசு போறாது. கம்ப்யூட்டர்தான் போட்டுது.”

குப்பண்ணனுக்கு வாயில் வந்த கிண்டல் அங்கேயே நின்றுவிட்டது. கொழிஞ்சாம்பாறையில் அவன் அண்ணனுடைய கிணறு தை மாதமே வற்றிவிட்டது. அண்ணன் தென்னைகளைப் பார்த்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தது அவன் கண்ணுக்குள் வந்து போயிற்று.

“அந்தக் கணக்கை எதுல வெச்சிருந்தே?” என்று கேட்டாள் திரிபுரசுந்தரி.

சிவராமகிருஷ்ணன் இழுப்பறையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து நீட்டினான். தபால் கார்டைவிட நீளம். மேலெல்லாம் சின்னச் சின்ன ஓட்டைகள்.

“முன்னாடியெல்லாம் இந்தப் பஞ்ச் கார்டு. ஓட்டை இருக்கற எடத்தை வெச்சு மெஷின் படிச்சுக்கும். ஒரு கார்டுல ஒரு வரிதான் பிடிக்கும். என் கணக்கு, சம்பளக் கணக்கு, ஸ்டோர் கணக்கு எல்லாம் சேர்ந்து மாசாமாசம் ஒரு வேன் நிறையப் பெட்டி. இங்க கம்ப்யூட்டர் கிடையாது. கோயமுத்தூர்ல வாடகைக்கு ஒண்ணு உண்டு. அங்க கொண்டுபோய்ப் படிக்கவெச்சுத் திருப்பிக் கொண்டுவரணும்.”

பிறகு தோசைக்கல் அளவில் ஒரு வட்டமான பிளாஸ்டிக் டப்பாவை இரண்டு கையாலும் தூக்கிக் காட்டினான். திறந்தால், உள்ளே பழுப்பு நிற நாடா வட்டமாகச் சுற்றியிருந்தது.

“இது டேப். அந்த வேன் முழுக்க இதுக்குள்ள அடங்கிடும். மடியில வெச்சுண்டு நானே பஸ்ல போயிட்டு வந்துடலாம். மானேஜர்கிட்ட சண்டை போட்டுப் பொங்கல் கழிஞ்சு வாங்கினேன். முதல் மாசம் நன்னா படிச்சுது. அடுத்த மாசம் மெஷின் ‘ஒண்ணும் இல்லை’ங்கறது. சரின்னு ரெண்டாவது காப்பியை எடுத்துண்டு போனேன். அதுவும் அப்படித்தான். நேத்திக்கு மூணாவது. எல்லாம் வெறும் நாடா.”

“இப்போ கையில வெச்சிருக்கறது?”

“நாலாவது. சம்பளக் கணக்கை மட்டும் புதுசா ஏத்தியிருக்கு. இதாவது பொழைக்கறதான்னு பார்க்கத்தான்.”

“மூணு காப்பியையும் எங்க வெச்சிருந்தே?”

“இந்த மேஜை மேலதான். ஒண்ணு மேல ஒண்ணா. எப்பவும் கண்ணு முன்னாடியே இருக்கட்டுமேன்னு.”

“மூணு சாவியையும் ஒரே ஆணியில மாட்டி, ஆணியை வாசல்ல அடிச்சுப்போட்டீங்களாட்டம்” என்றான் குப்பண்ணன்.

சிவராமகிருஷ்ணன் தலையைக் குனிந்துகொண்டான். திரிபுரசுந்தரி விடவில்லை.

“பழைய கார்டெல்லாம்?”

“டேப்புக்கு மாத்தினதும் மானேஜர் ரூமைக் காலி பண்ணச் சொன்னார். கான்டீன் ராசம்மா அடுப்பெரிக்கக் கேட்டா. எடுத்துண்டு போன்னுட்டேன்.” அவன் குரல் தேய்ந்துவிட்டது.

“சரி. டேப் எதனால அழியும்?”

“காந்தம், மாமி. பெரிய காந்தம் பக்கத்துல வந்தா மதி, அது போதும், எழுதினது கலைஞ்சுபோயிடும். முன்பக்கம் கொஞ்சம் கலைஞ்சாலும் மெஷின் முழு டேப்பையும் தள்ளிடும். அதனாலதான் இந்த ரூமுக்குள்ள காந்தம் வரவே கூடாதுன்னு எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன். வாட்ச்மேன், பியூன், டிரைவர், கான்டீன்காரி, ஒருத்தரையும் விடலை.”

“எதை வெச்சுக் கொல்லலாம்னு ஊருக்கெல்லாம் நீயே சொல்லியிருக்கே.”

“ஆனா யார் வர முடியும்? நான் வெளியில போனா ரூமைப் பூட்டிச் சாவியைப் பூணூல்ல முடிஞ்சுண்டுதான் போவேன்!”

“அப்போ நீ உள்ளே இருக்கறச்சே, உன் கண்ணு முன்னாடியே நடந்திருக்கு.”

கதவு திறந்தது. மானேஜர் லட்சுமிநாராயணன், ஒரு கையால் வயிற்றைத் தடவிக்கொண்டே உள்ளே வந்தார். நெடுநெடுவென்று ஒல்லியான மனிதர்.

“நீங்கதான் அந்தத் துப்பறியற மாமியா? ஒரு சம்சயமும் வேண்டாம். குத்தவாளி அந்த டேப்தான். அது காலடி எடுத்துவெச்ச நாள்லேருந்து இந்தக் கம்பெனியில ஒண்ணும் ஒழுங்கில்லை, என் வயிறு உள்பட. நாலு மணிக்கு நான் பழையபடி கார்டுன்னு எழுதிக் கையெழுத்துப் போடப்போறேன்.”

அவர் போனதும் திரிபுரசுந்தரி, நாலாவது டேப்பை டப்பாவோடு எடுத்துத் தன் துணிப்பையில் போட்டுக்கொண்டாள்.

“இது கொஞ்ச நேரம் என்கூடக் காத்தாட வரட்டும். யார் கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லு. குப்பண்ணா, டீ குடிக்கலாம் வா.”

கான்டீன் தகரக் கொட்டகையில் பத்துப் பதினைந்து பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அடுப்படியில் ராசம்மாள். அகலமான உருவம், அதைவிட அகலமான சிரிப்பு. புது ஆட்களைப் பார்த்ததும், கேட்காமலே இரண்டு வடையைத் தட்டில் வைத்து நீட்டினாள்.

“திங்கிங்க அண்ணா. டீக்குத் தொட்டுக்க ஒண்ணுமில்லாம எப்புடிங்க?”

குப்பண்ணன் வடையோடு தொழிலாளர் பெஞ்சில் போய் இடித்துக்கொண்டு உட்கார்ந்தான். பஸ்ஸில் பத்து வருஷம் நின்றவனுக்கு, பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் தனித்தனியாகக் கேட்கும். கொஞ்ச நேரத்தில் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தான்.

“அம்மணி, இங்க எல்லாத்துக்கும் அந்த டேப்புத்தானுங்க காரணம். லேத்து பட்டை அறுந்தா டேப்பு. பஸ்ஸு லேட்டா வந்தா டேப்பு. ஒருத்தன் சொல்றான், டேப்பு வந்துது, சோறும் கெட்டுதுன்னு!”

தம்ளரை உதட்டுக்குக் கொண்டுபோன திரிபுரசுந்தரியின் கை அப்படியே நின்றது.

“கடைசியா சொன்னதை இன்னொரு தடவை சொல்லு.”

“சோறு கெட்டுதுன்னு… சும்மா சொல்றாங்கம்மணி. முன்னாடி மல்லிகைப் பூவாட்டம் பொன்னி அரிசிச் சோறாம். இப்போ ரேஷன் புழுங்கலு. மொத்தை மொத்தையா, கெட்ட வாடை. பொங்கலு கழிஞ்சதிலருந்து அப்படித்தானாம்.”

“டேப் எப்போ வந்தது?”

“பொங்கலு…” குப்பண்ணன் சிரிப்பை விழுங்கினான். “கழிஞ்சு.”

“லேத்து பட்டை எப்போ வேணும்னாலும் அறும். பஸ் என்னிக்குமே லேட்டுதான். ஆனா ஒரு கம்பெனி முழுக்க ஒரே வாரத்துல அரிசி மாறினா, அதுக்கு ஒரு காரணம் இருக்கணும். இந்த எழுபத்து நாலாம் வருஷத்துல கேரளத்துல, கான்டீன்ல, பொன்னிச் சோறு! எங்கேருந்து வந்தது அது?”

கேட்கவேண்டிய கேள்விதான். அந்தக் காலத்தில் தமிழ்நாட்டு அரிசி அனுமதி இல்லாமல் எல்லை தாண்டக்கூடாது. வாளையாரிலும் கோபாலபுரத்திலும் செக்போஸ்டில் மூட்டையைக் கம்பியால் குத்திப் பார்ப்பார்கள். பஸ்ஸில் வரும் பெண்களின் மடியைக்கூட அவிழ்க்கச் சொல்வார்கள். ஒரு படி அரிசிக்காகக் கண்ணீர் விட்டவர்களைக் குப்பண்ணன் தன் பஸ்ஸிலேயே பார்த்திருக்கிறான்.

“கார்டு வந்த பெட்டியெல்லாம் எங்கே?” என்று எழுந்தாள் திரிபுரசுந்தரி.

காலிப் பெட்டிகள் கம்பெனியின் பின்புறக் கிடங்கில் கூரை வரை அடுக்கியிருந்தன. கெட்டி அட்டையால் ஆன நீளப் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் கம்பெனி முத்திரை. திரிபுரசுந்தரி ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்தாள். குப்பண்ணன் இன்னொன்றைத் திருப்பி மூலையைக் காட்டினான்.

“எலி கடிச்சிருக்குதுங்க. இதையும்தான். இந்த வரிசை பூராவும்.” பக்கத்து வரிசையைப் பார்த்தான். “இதுகளை மட்டும் தொடவே இல்லை. ஏனுங்கம்மணி, எலிக்குக் கணக்குல இஷ்டமிருந்தா எல்லாப் பெட்டியையும்தானுங்களே கடிக்கோணும்?”

“நீ ஒவ்வொரு சமயம் தெரியாமலே புத்திசாலியா பேசிடறே. எலிக்குக் கணக்கு வேண்டாம், அரிசி வேணும். சில பெட்டியில கார்டு வந்திருக்கு. சில பெட்டியில மேல மட்டும் கார்டு.”

குப்பண்ணன் சட்டென்று நெற்றியில் அடித்துக்கொண்டான்.

“நீல வேனு! கேட்டுல நிக்குதே, அதை நான் பார்த்திருக்கிறேனுங்க. கோபாலபுரம் செக்போஸ்டுல என்ற பஸ்ஸுக்கு முன்னாடி மாசமொருக்கா நிக்கும். ‘கம்ப்யூட்டர், கம்ப்யூட்டர்’னு டிரைவரு கத்துவான். ஆபீசரு ஒரு பெட்டியைத் தொறப்பாரு, ஓட்டை போட்ட அட்டையைப் பார்ப்பாரு, பாம்பைப் பார்த்தாப்பல மூடிப்போட்டுப் போகச் சொல்லுவாரு. ஆனாலும் ஒண்ணு கேக்கறேன். கோயமுத்தூர்லருந்து கஞ்சிக்கோட்டுக்கு நேரா வாளையார் வழி இருக்கறப்ப, பொள்ளாச்சியைச் சுத்திக் கோபாலபுரம் வழியா எதுக்கு வரோணும்?”

“அரிசி பொள்ளாச்சிச் சந்தையில இருக்கறதால.”

புளியமரத்தடியில், வேனின் படியில் டிரைவர் கருப்புசாமி துண்டை முகத்தில் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான். குப்பண்ணன் துண்டைத் தூக்கினான்.

“டிக்கெட், டிக்கெட்.”

கருப்புசாமி பதறி எழுந்து, அனிச்சையாகச் சட்டைப் பையைத் தடவினான்.

“பொன்னி அரிசி எத்தனை மூட்டை, எந்தச் சந்தை, சொல்லிப்போடு. அம்மணிக்கு எல்லாம் தெரியும். கடைசி சீட்டுல ஒளிஞ்சு பிரயோஜனம் இல்லை.”

கருப்புசாமியின் கண்ணில் நீர் கட்டிவிட்டது.

“அரிசி கொண்டுவந்தது நெசந்தானுங்க. பொய் சொல்லலை. டேப்பு வந்ததிலருந்து எனக்கு வண்டியும் இல்லை, வழியும் இல்லை, சும்மா ஒக்காந்து சம்பளம் வாங்கறேன். ஆனா என்ற கொழந்தை மேல சத்தியமா அந்த டேப்பை நான் தொட்டதில்லீங்க. அந்த ரூமு வாசப்படிகூட மிதிச்சதில்லை. தொட்டா ஷாக் அடிக்கும்னு எங்கண்ணி சொல்லியிருக்குது.”

“யாரது அண்ணி?”

கருப்புசாமியின் கண் கான்டீன் பக்கம் ஓடித் திரும்பிவிட்டது. டிக்கெட் இல்லாதவன் கண் இப்படித்தான் வாசல் பக்கம் ஓடும் என்று குப்பண்ணனுக்குத் தெரியும்.

மத்தியானச் சங்கு ஊதியது. இருவரும் சிவராமகிருஷ்ணனின் அறைக்குத் திரும்பி, ஆளுக்கொரு நாற்காலியில் உட்கார்ந்தார்கள். வழக்கமாக டேப் டப்பாக்கள் இருக்கும் இடம் மேஜையில் வெறுமையாக இருந்தது. இரும்பு மட்டும் பளபளத்தது.

ராசம்மாள் அலுமினியக் கேரியரைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். மேஜையைப் பார்த்தாள். அடி எடுத்துவைத்த கால் நின்றுவிட்டது.

“ஏனுங்க சாமி, இங்கிருந்த டப்பா எங்கீங்க? நான் எப்பவும் அது மேலதானே வெப்பேன்? காகிதம் அழுக்காகாம இருக்குமேன்னு.”

“அது தெரியலை, ராசம்மா” என்றான் சிவராமகிருஷ்ணன். பொய் சொல்லி வழக்கமில்லாததால் காது இரண்டும் சிவந்துவிட்டன.

“வெறும் மேஜை மேலயே வையேன்” என்றாள் திரிபுரசுந்தரி.

“பரவாயில்லீங்க. கையிலயே வெச்சுக்கறேன்.”

“எத்தனை நாழிதான் கையில வெச்சுண்டு நிப்பே? குப்பண்ணா, அவளுக்கு ஒத்தாசை பண்ணு.”

குப்பண்ணன் மரியாதையாகக் கேரியரை வாங்கி மேஜைப் பக்கம் கொண்டுபோனான். மேஜைக்கு அரை சாண் மேலே இருக்கும்போதே, அது அவன் கையிலிருந்து துள்ளிப் பாய்ந்து ‘டங்’ என்று உட்கார்ந்துகொண்டது.

குப்பண்ணன் கேரியரைத் தூக்கினான். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தான். கேரியரோடு மேஜையின் ஒரு கால் தரையைவிட்டு எழும்பியது. இழுப்பறை தானாகத் திறந்துகொண்டது.

“அடி அடுக்குல என்னம்மா இருக்குது?”

“ரசமுங்க” என்றாள் ராசம்மாள்.

“காரம் ஜாஸ்தியாட்டம் இருக்குது. மேஜையையே புடிச்சுக்கிச்சே!”

திரிபுரசுந்தரி மேல் அடுக்குகளைக் கழற்றினாள். கூட்டு, பொரியல், மொத்தை மொத்தையாகப் புழுங்கல் சோறு. அடி அடுக்கில், துணியில் சுற்றிய கறுப்பு வளையம் ஒன்று, ஆட்டுக்கல் குழவி கனத்தில். உடைந்த ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தம்.

சிவராமகிருஷ்ணன் அதைப் பார்த்தான், ராசம்மாளைப் பார்த்தான், மறுபடி அதைப் பார்த்தான்.

“தினமும்… என் சாப்பாட்டோடயா?”

“நீங்கதானே சாமி சொன்னீங்க, காந்தம் கிட்ட வந்தா அழிஞ்சுபோகும்னு.” ராசம்மாள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. “நான் என்ன பண்ணட்டும்? அந்த டேப்பை நீங்க மடியில வெச்சுட்டு பஸ்ஸுல போறீங்க. மடியில எத்தனை படி அரிசி கொண்டுவர முடியும்? கார்டு இருந்தாத்தான் பெட்டி. பெட்டி இருந்தாத்தான் வேனு. வேனு இருந்தாத்தான் இங்க இருக்கறவங்க வாயில வெக்கிற மாதிரி சோறு. மிச்சத்தை வெளிய வித்துக் காசு பண்ணினேன், அதையும் மறைக்கலீங்க.”

“ரெண்டு வருஷ வேலை!” சிவராமகிருஷ்ணன் கத்திவிட்டான். அவன் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. வெளியே லேத்து ஓட்டியவன்கூட நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தான். “சோத்துக்காக என் ரெண்டு வருஷத்தை அழிச்சுட்டே. உனக்கு அது என்னன்னாவது தெரியுமா? டேப்பும் போச்சு, கார்டையும் அடுப்புல போட்டுட்டே!”

அண்ணனின் கிணற்றுக்கு வரவேண்டிய தண்ணீரும் அந்த அடுப்பில்தான் வெந்துபோயிற்று என்று குப்பண்ணனுக்குத் தோன்றியது.

ராசம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். உண்மையாகவே ஆச்சரியப்பட்ட முகம்.

“கார்டை எதுக்குங்க நான் எரிக்கறேன்?”

“அடுப்புக்குன்னு கேட்டு வாங்கினியே!”

“கேட்டேன். வேற என்னன்னு கேக்கறது? டேப்பு செத்தா மறுபடி கார்டு வருமல்லங்க. அன்னைக்கு அரிசிக்கு மேல பரப்ப நான் எங்க போவேன்? ஒண்ணைக்கூட எரிக்கலை. எல்லாம் ஊட்டுலதான் இருக்குது.”

யார் முதலில் ஓடியது என்று குப்பண்ணனால் பிறகு சொல்ல முடியவில்லை. கம்பெனி மதிலை ஒட்டித்தான் ராசம்மாளின் ஓட்டு வீடு. அரிசி கொட்டிவைத்திருந்த குதிர் காலியாகக் கிடந்தது. அதற்குள், வேப்பந்தழைக்கு நடுவில், சணல் கட்டிய கார்டுக் கட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. பூச்சி இல்லை, ஈரம் இல்லை. சிவராமகிருஷ்ணன் மண்தரையில் மண்டியிட்டு ஒரு கட்டை வெளியே எடுத்தான். கார்டுகளின் மேல்விளிம்பில், ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குச் சிவப்பு மையில் சாய்வாக ஒரு கோடு.

“வரிசை கலைஞ்சா தெரியறதுக்காக நான் போட்ட கோடு. ஒரு கார்டு இடம் மாறினாக்கூடக் கோடு ஒடைஞ்சிடும்.” விரலால் அந்தக் கோட்டைத் தடவிக்கொண்டே போனான். கோடு எங்கும் உடையவில்லை. அடுத்த கட்டு. அதுவும் சரி. மூன்றாவதில் கோடு துண்டு துண்டாகக் கிடந்தது. அவன் முகம் வெளிறியது.

“அதைக் கோழி தள்ளிப்போட்டுதுங்க” என்றாள் ராசம்மாள், முதல்முறையாக வெட்கப்பட்டு.

கோழி கலைத்ததை நாலு பேரும் மண்ணில் உட்கார்ந்து அடுக்கினார்கள். அடுக்கி முடித்துக் கோடு மறுபடி ஒன்றானபோது, சிவராமகிருஷ்ணன் கண்ணாடியைக் கழற்றிக் கையால் முகத்தை மூடிக்கொண்டான். தோள் குலுங்கியது. சிரிக்கிறானா அழுகிறானா என்று பார்க்கக் குப்பண்ணன் குனிந்தான். இரண்டும்தான்.

மானேஜர் அறைக்குள் அவர்கள் நுழைந்தபோது, டைரக்டர்களின் கார் கேட்டுக்குள் வந்துகொண்டிருந்தது.

“ஆளைக் கண்டுபிடிச்சாச்சா?” என்றார் லட்சுமிநாராயணன்.

“ஆளும் கிடைச்சாச்சு, ஆயுதமும் கிடைச்சாச்சு. பேரைச் சொல்லணுமா வேண்டாமாங்கறதை மட்டும் நீங்க சொல்லுங்கோ.”

“இதென்ன கேள்வி? இப்பவே போலீஸைக் கூப்பிடறேன்.” டெலிபோனை எடுத்தார்.

“கூப்பிடுங்கோ. அவா முதல்ல கேக்கப்போற கேள்வியையும் சொல்லிடறேன். பொங்கல் வரைக்கும் நீங்க மத்தியானம் சாப்பிட்ட பொன்னி அரிசி எல்லையைத் தாண்டி எப்படி வந்தது? பதிலையும் சொல்லிடறேன். உங்க கம்பெனி வேன்ல, உங்க முத்திரை போட்ட பெட்டியில.”

லட்சுமிநாராயணனின் கையிலிருந்த டெலிபோன் மெதுவாகத் தன் இடத்துக்குத் திரும்பியது. ஒரு தம்ளர் தண்ணீரை முழுதாகக் குடித்தார்.

“எத்தனை பேருக்குத் தெரியும்?”

“கொஞ்சம் பேருக்குத்தான். அதுல ஒருத்தனுக்கு வாய் நீளம்.”

குப்பண்ணன் அடக்கமாக வாயைப் பொத்திக்கொண்டான்.

“டைரக்டர்கள்கிட்ட நான் என்னன்னு சொல்றது?”

“நெஜத்தையே சொல்லுங்கோ. காந்தம் பட்டு அழிஞ்சது, காந்தத்தை எடுத்தாச்சு, கணக்கு பத்திரமா கிடைச்சாச்சு. டேப் நல்ல பொருள்தான். ஆனா எதையும் ஒரே எடத்துல, ஒரே ரூபத்துல வெச்சுண்டா வெறுதே, வீணாப் போயிடும்.” பிறகு குரலைத் தாழ்த்தி அவரிடம் இன்னும் ஏதோ இரண்டு வார்த்தை சொன்னாள். குப்பண்ணனுக்குக் கேட்கவில்லை. அது அவனுக்கு ரொம்ப உறுத்தியது.

மீட்டிங் முடிந்து சிவராமகிருஷ்ணன் வராந்தாவில் ஓடி வந்தான்.

“டேப் இருக்கு, மாமி! என் பம்ப்பும் இருக்கு! கார்டைத் திருப்பி ஏத்த நாளைக்கே கோயமுத்தூர் போறேன். ஒரு டேப் இங்கே, ஒரு டேப் அங்கே. எதுக்கும் இருக்கட்டும்னு கார்டுலயும் ஒரு காப்பி வெச்சுக்கச் சொல்லிட்டா. அங்கேயே அடிச்சு அப்பப்போ வேன்ல அனுப்பிடுவா.”

“வேன்லயா?” என்றான் குப்பண்ணன்.

“ஆமா. மானேஜரோட யோசனை. அவருக்கு இவ்வளவு விவரம் இருக்கும்னு நான் நெனைக்கவே இல்லை!”

குப்பண்ணன் திரும்பித் திரிபுரசுந்தரியைப் பார்த்தான். அவள் கண்ணாடியைத் துடைப்பதில் மும்முரமாக இருந்தாள்.

“அம்மணி, இந்த யோசனையை அவரு காதுல போட்டது யாருங்க?”

“நல்ல யோசனைன்னா யார் சொன்னா என்ன?”

கேட்டில் ராசம்மாள் காத்திருந்தாள். சிவராமகிருஷ்ணன் விதித்த தண்டனைப்படி, எல்லாக் கட்டுகளையும் தன் தலையிலேயே சுமந்து அவன் அறையில் சேர்த்துவிட்டு வந்திருந்தாள். இனி அவள் கேரியர் அந்த அறை வாசலைத் தாண்டக்கூடாது. காந்தம் திரிபுரசுந்தரியின் பைக்குள், டேப் இருந்த இடத்தில்.

“ராசம்மா, நன்னா கேட்டுக்கோ. பெட்டியில இனிமே கார்டு மட்டும்தான் வரணும்.”

“கார்டு மட்டுந்தானுங்க.” ராசம்மாள் ரொம்பச் சுலபமாக ஒப்புக்கொண்டாள். ஸ்கூட்டரின் கைப்பிடியைத் தடவியபடி ஒரு நிமிஷம் நின்றாள். “ஒரு சந்தேகமுங்கம்மணி. அந்த வட்ட டப்பா, அதுவும் மாசாமாசம் எல்லை தாண்டிப் போகுமுங்களா?”

“போகும்.”

“‘தொறந்தா உள்ள இருக்கறது அழிஞ்சுபோகும்’னு மேல எழுதி ஒட்டிப்போட்டா, செக்போஸ்டுல தொறக்க மாட்டாங்கல்லங்க?”

“ராசம்மா!”

“இல்லீங்க, சும்மா கேட்டேன். போடிமெட்டுக்கு இந்தப் பக்கம் ஏலத்தோட்டத்துல என்ற தங்கச்சி மருதாத்தாள் இருக்குறா. ஏலக்காய் கோயமுத்தூர்ல நல்ல வெலை போகுதாம். டப்பாவுல எத்தனை படி புடிக்கும்னு…”

குப்பண்ணன் சிரித்த சிரிப்பில் ஸ்கூட்டரை இரண்டு முறை உதைத்தும் கிளம்பவில்லை. திரிபுரசுந்தரி பின்சீட்டில் ஏறிப் புடவையைச் செருகிக்கொண்டாள்.

“சீக்கிரம் எடுடா குப்பண்ணா. இன்னும் ஒரு நிமிஷம் இங்க நின்னா, நானே அளவு சொல்லிடுவேன்.”